பனையின் தலை யார் தோட்டத்தில்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு விலைக்கு வந்திருந்தது. விளம்பரத்துக்கு ட்ரோனில் படம் வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். ட்ரோன் கிளம்பி முப்பது மீட்டரில் நின்றதும் தோப்புக்காரப் பெரியவர் என் தோளுக்குப் பின்னால் வந்து திரையை எட்டிப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் மேல ஏத்துங்க தம்பி, எல்லாந் தெரியோணும்" என்றார். அறுபதுக்கு ஏற்றினேன். "அதுக்கு மேல போகாதுங்களா?" நூறுக்கு ஏற்றினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வடக்கே தார் ரோடு, அதற்கப்பால் பள்ளிக்கூடத்துக் கூரை, தெற்கே புகைமூட்டமாக மலை என்று எல்லாமே தெரிந்தன. அவருடைய தோப்பு மட்டும் பக்கத்துத் தோப்போடு ஒட்டிப் பச்சைத் திட்டாகக் கிடந்தது. எது யாருடையது என்று அவராலேயே விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை.

பாலக்காட்டு எல்லையோரத்தில் வான்படத் தொழில் இன்று மண்டபம், வீட்டு மனை, தோப்பு, ரிசார்ட், கஞ்சிக்கோட்டு ஆலை, கோயில் விழா என்று பரவிக் கிடக்கிறது. கூப்பிடுகிறவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு உயரம் போகும் என்றுதான். அடுத்தது எவ்வளவு ரூபாய். கேமராவை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்க்கப் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. படம் உதவுமா உதவாதா என்பது பெரும்பாலும் அந்தச் சாய்விலேயே முடிவாகிவிடுகிறது. அதைக் கொஞ்சம் கணக்கோடு பார்த்துவிடலாம். கணக்கு என்றால் பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடத்து முக்கோணம்தான்.

ட்ரோனின் கேமரா கிம்பல் என்ற சிறு தொங்கு கருவியில் மாட்டியிருக்கும். நேர் எதிரே பார்த்தால் அதன் அளவு 0 டிகிரி, காலடியைப் பார்த்தால் மைனஸ் 90. செங்குத்தாகக் கீழே பார்த்து எடுப்பதைத் தொழிலில் டாப் ஷாட் என்பார்கள். நடுவில் இருப்பதெல்லாம் சாய்வுப் படம். அதிலும் அடிவானம் தெரியும் சாய்வு, தெரியாத சாய்வு என்று இரண்டு உண்டு.

டாப் ஷாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு இஞ்ச் சென்சாரும் (படத்தைப் பதியும் சில்லு) அகலக் காட்சி பிடிக்கும் 24 மி.மீ.க்கு நிகரான லென்சும் உள்ள கேமரா என்று வையுங்கள். 100 மீட்டர் உயரத்திலிருந்து நேர்கீழே பார்த்தால் தரையில் 150 மீட்டர் அகலமும் 100 மீட்டர் நீளமும் படத்தில் விழும். அதாவது சுமார் 3.7 ஏக்கர். 60 மீட்டரில் 90-க்கு 60, ஏறக்குறைய 133 சென்ட். 40 மீட்டரில் 60-க்கு 40. இந்த மூன்று கணக்கையும் மனதில் வைத்திருந்தால் போதும். 20 சென்ட் மனையை விற்க ஒருவர் வருகிறார். சதுரமான மனை என்றால் பக்கத்துக்கு 28 மீட்டர்தான் வரும். அதை 100 மீட்டரிலிருந்து எடுத்தால் படத்தில் பதினெட்டில் ஒரு பங்குதான் அவருடைய மனை. மீதி பதினேழு பங்கும் அக்கம்பக்கத்தாருக்கு இலவச விளம்பரம். 40 மீட்டரில் நின்றால் மனை முழுசாகத் தெரியும், வழித்தடமும் ஓரத்தில் விழும், வேலிக் கல்லைக்கூட எண்ணலாம்.

சரி, அப்படியென்றால் எப்போதும் தாழ்வாகப் பறந்தால் போதுமா என்றால், இங்கேதான் பனை குறுக்கே வருகிறது. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்குப் பகுதியில் வரப்புகளில் பனை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லைக்கு அடையாளமே பல இடங்களில் பனைதான். கேமராவுக்கு நேர் கீழே நிற்கும் பனை மேலிருந்து வட்டமாகத் தெரியும். கொஞ்சம் தள்ளி நிற்கும் பனை, வெளிப்பக்கமாகச் சாய்ந்து விழுவது போலத் தெரியும். எவ்வளவு சாயும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ட்ரோன் 60 மீட்டரில் நிற்கிறது, பனை 20 மீட்டர் உயரம், அதன் தூர் ட்ரோனுக்குக் கீழுள்ள புள்ளியிலிருந்து 24 மீட்டர் தள்ளி இருக்கிறது. படத்தில் அதன் தலை 36-வது மீட்டரில் தெரியும். தூருக்கும் தலைக்கும் நடுவில் 12 மீட்டர். உங்கள் வரப்பில் நேராக நிற்கும் மரம் படத்தில் பக்கத்துக்காரர் தோட்டத்தில் தலை வைத்துப் படுத்திருக்கும்.

அதே பனையை 120 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் தலை ஐந்து மீட்டருக்குள் நகர்வதோடு நின்றுவிடும். ஆக, நேர்கீழே பார்க்கும் படத்தில், அதுவும் மரமும் கட்டடமும் உள்ள இடத்தில், உயரம் போவதற்கு நியாயம் உண்டு. பெரியவர் கேட்டது முழுக்கத் தப்பில்லை. அவருக்கு வேண்டிய படம் அதுவல்ல, அவ்வளவுதான்.

இந்தச் சாய்வினால்தான் ஒற்றை டாப் ஷாட்டை வைத்துக்கொண்டு யாரும் எல்லைச் சண்டைக்குப் போகக் கூடாது. அளவுக்கு உதவும் படம் வேறு மாதிரி எடுக்கப்படுகிறது. ட்ரோன் உழவுச் சால் போல வரிசை வரிசையாகப் போகும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு 70, 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுக்கும். தரையில் சில குறிகளின் இடத்தைத் துல்லியமாக அளந்து வைத்திருப்பார்கள். மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்துச் சாய்வை நீக்கி ஒரே படமாக்கும். அதற்கு ஆர்த்தோமொசைக் என்று பெயர். கிராமக் குடியிருப்புகளை ட்ரோனில் அளக்கும் மத்திய அரசின் ஸ்வாமித்வா திட்டம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கியபோது இந்த முறைதான் கிராமங்களுக்குள் வந்தது. கல்குவாரியில் குவித்து வைத்த ஜல்லி எத்தனை கன மீட்டர் என்று கணக்கெடுப்பதும் இதே வழியில்தான். கல்யாண வீடியோ எடுக்கும் பையனிடம் "அப்படியே நிலத்தையும் அளந்து குடுத்துடு கண்ணு" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவன் பாவம், என்ன செய்வான்.

இனி சாய்வுப் படம். விற்பனைக்கு எடுக்கும் படங்களில் பெரும்பகுதி இதுதான். 60 மீட்டர் உயரத்தில் நின்று கேமராவை 45 டிகிரி கீழே சாய்த்தால், படத்தின் நடுப்புள்ளி ட்ரோனுக்குக் கீழுள்ள இடத்திலிருந்து 60 மீட்டர் முன்னால் விழும். படத்தின் கீழ் விளிம்பு 20 மீட்டரில் தொடங்கும், மேல் விளிம்பு 180 மீட்டர் வரை ஓடும். ஒரே படத்துக்குள் இவ்வளவு தூர வித்தியாசம் இருப்பதால், கீழ் விளிம்பில் உள்ள ஒரு மீட்டர், மேல் விளிம்பில் உள்ள ஒரு மீட்டரைப் போல மூன்று மடங்கு பெரிதாகத் தெரியும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, புரோக்கர்களுக்கு நன்றாகத் தெரிந்த சூட்சுமம். விற்க வேண்டிய மனையைக் கீழ் விளிம்புக்குக் கொண்டுவந்து எடுத்தால் ஐந்து சென்ட் மனை பத்து சென்ட் மாதிரி இருக்கும். சுற்றிலும் சிவப்புக் கோடு போட்டு அனுப்பிவிட்டால் துபாயில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு மைதானம் போலத் தெரியும். இன்னொன்று, இப்போதைய ட்ரோன்களில் தூரத்தைக் கிட்டே இழுத்துக் காட்டும் 70 மி.மீ. லென்சும் வருகிறது. தூரத்தில் பின்வாங்கி நின்று அதில் எடுத்தால், பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நெல்லியாம்பதி மலை வீட்டுக் கொல்லையிலிருந்து எழும்புவது போல வரும். பொய் என்று சொல்ல முடியாது, மலை அங்கேதான் இருக்கிறது. ஆனாலும் சாய்வுப் படம் கொடுப்பவர் கூடவே ஒரு டாப் ஷாட்டும் கொடுப்பதுதான் மரியாதை என்பது என் எண்ணம். வாங்குகிறவர் நீங்கள் என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடிவானம் எப்போது படத்துக்குள் வரும்? 24 மி.மீ. லென்சில் படத்தின் மேலிருந்து கீழ் வரையிலான பார்வைக் கோணம் 53 டிகிரி. அதில் பாதி 26 சொச்சம். கேமரா அதைவிடக் குறைவாகச் சாய்ந்திருந்தால் வானம் தெரியும், அதிகமாகச் சாய்ந்தால் தெரியாது. வீடியோவில் மேலும் கீழும் வெட்டுப்படுவதால் அந்தக் கணக்கு 23-க்கு இறங்கும். வானம் வேண்டுமா என்பதை எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். ரிசார்ட்டுக்கு வேண்டும், வருகிறவன் மலையையும் மேகத்தையும் பார்த்துத்தான் வருகிறான். மனைக்கு வேண்டாம், வானத்தைச் சென்ட் கணக்கில் விற்க முடியாது. இரண்டுங்கெட்டானாக மேலே ஒரு விரற்கடை வெள்ளை வானம் ஒட்டிக்கொண்டு நிற்கும் படங்கள்தான் மிக மோசம். அதில் கேமராவின் வெளிச்சக் கணக்கும் குழம்பித் தரை இருண்டுவிடும்.

வீடு என்று வந்தால் நான் பிடிவாதக்காரன். கேரளத்து வீடுகளுக்கு ஓட்டுச் சரிவும், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிட்-அவுட் என்ற முன்திண்ணையும் உண்டு. அந்த முன்கூரை இரண்டு மீட்டர் நீண்டிருக்கிறது என்று வையுங்கள். 45 டிகிரியிலிருந்து பார்த்தால் கூரை விளிம்புக்குக் கீழே இரண்டு மீட்டர் சுவரை அது மறைத்துவிடும். கதவின் உயரமே இரண்டு மீட்டர்தான். தேக்கில் கடைந்து, பித்தளைப் பூட்டுப் போட்டு, லட்சக்கணக்கில் செலவழித்த முன்வாசல் போயே போய்விடும். மிஞ்சுவது கூரை ஓடு, தண்ணீர்த் தொட்டி, துணிக் கொடி. ஆகவே வீட்டுக்கு எட்டு, பத்து மீட்டர் உயரம் போதும், சாய்வு பத்து டிகிரிக்கு மேல் வேண்டாம். சாய்வைக் குறைத்தால் இன்னொரு லாபம், தூண்கள் கீழ்நோக்கிக் குறுகித் தெரியாமல் நேராக நிற்கும். சில சமயம் எதிர்வீட்டு மொட்டை மாடிக்குப் போய்ச் சாதாரண கேமராவில் எடுத்தாலே வேலை முடிந்துவிடும். அப்படி முடிந்த நாளில் ட்ரோன் வாடகை கேட்பதா வேண்டாமா என்று நான் சங்கடப்பட்டதும் உண்டு.

கட்டுமான வேலைக்கு மாதா மாதம் எடுக்கும் படங்களுக்கு அழகு தேவையில்லை. ஒரே இடம், ஒரே உயரம், ஒரே சாய்வு, முடிந்தால் ஒரே நேரம். முதல் மாதத்துப் புள்ளியை ட்ரோனில் சேமித்து வைத்தால் மறுபடி அங்கேயே போய் நிற்கும். பன்னிரண்டு படங்களையும் அடுக்கி வைத்தால் சுவர் எழும்புவது தெரிய வேண்டும், அவ்வளவே.

வானத்திலிருந்து படம் பிடிக்கும் ஆசை ட்ரோனுக்கு நூற்றைம்பது வருஷத்துக்கும் மேல் மூத்தது. 1858-இல் பாரிஸ் அருகே நாதார் என்ற படக்காரர் பலூனில் ஏறி எடுத்தார். அந்தப் படம் இன்று இல்லை. 1860 அக்டோபர் 13 அன்று ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்த பாஸ்டன் நகரத்துப் படம்தான் மிஞ்சியவற்றில் பழையது. அதுவும் சாய்வுப் படம்தான். 1907 வாக்கில் ஜெர்மனியில் யூலியுஸ் நொய்ப்ரோனர் என்ற மருந்துக் கடைக்காரர் புறாவின் நெஞ்சில் குட்டிக் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டார். சில படங்களில் இரண்டு ஓரத்திலும் புறாவின் இறக்கை விழுந்திருக்கும். புறாவிடம் கோணம் சொல்ல முடியாது.

கோணம் என்பது கேமராவின் சாய்வு மட்டும் இல்லை, சூரியனின் சாய்வும்கூட. பாலக்காடு 10.8 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே வந்துவிடும். மரத்தின் நிழல் மரத்தின் காலடியிலேயே சுருண்டுகொள்ளும். அந்நேரத்து டாப் ஷாட்டில் மேடு பள்ளம் எதுவும் தெரியாது, எல்லாம் துவைத்துக் காயப்போட்ட மாதிரி தட்டையாக இருக்கும். பனையை மேலிருந்து பார்த்தால் அது வெறும் பச்சைப் பொட்டு. காலையில் சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது எடுத்தால், 20 மீட்டர் பனைக்கு ஏறக்குறைய 35 மீட்டர் நிழல் வயலில் விழும். தண்டு, மட்டை, விசிறி விசிறியாக ஓலை எல்லாம் நிழலில் வரைந்து வைத்தது போலத் தெரியும். அந்தப் பச்சைப் பொட்டு ஒரு பனை என்று அடையாளம் காட்டுவது அந்த நிழல்தான்.

கொல்லங்கோடு இப்போது படம் எடுக்க வருகிறவர்களால் நிரம்பி வழிகிறது. வயலுக்கும் ஓட்டு வீட்டுக்கும் பின்னால் தெற்கே சுவர் மாதிரி நிற்கும் மலையும், மழைக்காலத்தில் அதில் வழியும் சீதார்குண்டு அருவியும்தான் காரணம். டிசம்பர், ஜனவரி விடுமுறையில் வந்து மலையைப் பார்த்துக் கேமராவைத் திருப்புகிறார்கள். அந்த மாதங்களில் சூரியன் நாள் முழுக்கத் தெற்குப் பக்கமே சாய்ந்து போகும். மலைக்குப் பின்னால் வெளிச்சம், நமக்கு முன்னால் நிழல். மலை நீலப் புகையாக மட்டும் வரும், அருவியும் நூலாகிவிட்டிருக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கும், மலையின் முகத்தில் நேராக விழும். மழை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஜூன், ஜூலையில் மழை இரண்டு நாள் விட்டு வெளுக்கும்போது காற்றில் தூசு இருக்காது. அந்த ஒரு காலைக்காகக் காத்திருக்கத் தயாராக இருக்கிற ஆர்டர்காரர்கள் குறைவு.

அதே கணக்கில், வடக்குப் பார்த்த வீட்டை ஜனவரியில் வெயிலில் எடுக்கப் போனால் முன்வாசல் இருட்டாகவே இருக்கும். மேகமூட்டமான நாளைப் பார்த்துப் போவது நல்லது. கிழக்குப் பார்த்தது காலை, மேற்குப் பார்த்தது மாலை. இது எல்லாருக்கும் தெரிந்ததே.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்க் கதை முடியாது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே 30 கிலோமீட்டர் அகலத்துக்கும் மேல் திறந்து கிடக்கும் கணவாய் இது. ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி தையில் கிழக்கிலிருந்தும் காற்று புகுந்து வரும். சிறிய ட்ரோன்கள் பல, மணிக்கு 38 கிலோமீட்டர் காற்று வரைதான் தாங்கும் என்று எழுதி விற்கப்படுகின்றன. தரையில் சட்டைக் காலர் அசையாத காலையிலும் நூறு மீட்டரில் ட்ரோன் திணறுவதுண்டு. நான் முதலில் பனையோலையைப் பார்ப்பேன். சடசடத்தால் பேட்டரியைப் பையிலிருந்தே எடுக்க மாட்டேன். பறப்பதாக இருந்தால் காற்றுக்கு எதிராகப் போய், திரும்பும்போது காற்றோடு வர வேண்டும். இதை மாற்றிச் செய்து, ஒரு தடவை வேலந்தாவளம் பக்கம் கரும்புக் காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் ட்ரோனைத் தேடியிருக்கிறேன்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள்தான் அடிப்படை. தடையில்லாத பகுதியான பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை தனி அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் அது 60 மீட்டராகக் குறையும், அதற்கும் உள்ளே போனால் அனுமதி வாங்காமல் தொடக்கூடாது. கோயம்புத்தூர் பக்கம் வேலை எடுத்தால் பீளமேடு விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் இரண்டையும் வரைபடத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் காசுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் தேவை, பதிவு எண்ணும் மூன்றாம் நபர் காப்பீடும் தேவை. கடையில் 249 கிராம் என்று ஒரு விசித்திரமான எடையில் ட்ரோன் விற்பதன் ரகசியம் இந்த மாதிரி 250 கிராம் வரம்புதான். பரம்பிக்குளம், நெல்லியாம்பதி காடுகளில் வனத்துறையைக் கேட்காமல் ஏற்றக்கூடாது. வாளையாறு செக்போஸ்ட்டைத் தாண்டுவதால் விதி மாறாது, இது மத்திய அரசின் விதி. ஆனால் இரண்டு பக்கத்துப் போலீசாருக்கும் ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை ட்ரோன் பறக்கத் தடையுள்ள தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்க வழி இருக்கிறது. விழாக்காலத்தில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழா என்றதும் கல்பாத்தி. நவம்பர் நடுவில் தேர். ஒட்டி ஒட்டிக் கட்டிய அக்கிரகார வீடுகள், நடுவில் ஒரே தெரு, அதில் தேர். ட்ரோன்காரனுக்கு நாக்கில் நீர் ஊறும் காட்சி. நேர்மேலிருந்து எடுத்தால் தேர் என்பது ஒரு துணிச் சதுரம், சுற்றிலும் தலைகள். தேரின் அழகு அதன் உயரத்தில் இருக்கிறது, உயரம் பக்கவாட்டில் நின்றால்தான் தெரியும். தேரின் நடுப்பகுதி மட்டத்துக்கு, கூட்டத்துக்கு மேலே இல்லாமல் விலகி நின்று, கேமராவைக் கிட்டத்தட்ட நேராக வைத்து எடுக்க வேண்டும். தெருவில் அதற்கு இடம் இருக்காது. கூட்டத்தின் தலைக்கு மேல் ட்ரோன் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு விசிறி கழன்றால் போதும். ஆகவே மாடி வீட்டுக்காரர் யாரையாவது மாமா, மாமி என்று கூப்பிட்டு மேலே போய் நின்றுகொள்வேன். நெம்மாறை வல்லங்கி வேலா என்ற கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டாலும் யானைகள் இருக்கும்வரை ஏற்ற மாட்டேன். தேனீக் கூட்டம் போல இரைகிற ஒன்றை யானையின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் துணிச்சல் எனக்கில்லை.

தோப்புக்காரப் பெரியவர் கதைக்கு வருகிறேன். அவருக்கு மூன்று படங்கள் கொடுத்தேன். நூறு மீட்டர் படம் அவர் ஆசைக்கு. நாற்பது மீட்டரில் நின்று, வேலியும் வழியும் தெரியும்படி சாய்த்து எடுத்தது இரண்டாவது. பன்னிரண்டு மீட்டரில், கிணறும் மோட்டார் ரூமும் அதை ஒட்டி வரும் மண்பாதையும் தெரிகிற மாதிரி எடுத்தது மூன்றாவது. விலை பேச வந்தவர் அந்த மூன்றாவதைத்தான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாராம். பாதையின் வளைவில் லாரி திரும்புமா என்பதுதான் அவருக்குச் சந்தேகம். நூறு மீட்டர் படத்தைப் பெரியவர் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்குப் பக்கத்துத் தோப்பையும் சேர்த்தே விரலால் வளைத்துக் காட்டுகிறார்.